மூடி போட்ட ஊசி

போன திங்கட்கிழமை எங்கள் வார்டில் ஒரு புதிய அட்டை மாட்டினார்கள். ஊசி மருந்து வைக்கும் மேசைக்கு மேலே. மலையாளத்தில் பெரிதாக, அடியில் தமிழில் சின்னதாக — 'பயன்படுத்திய ஊசியை மூடாதீர்கள்.'

மாட்டிய ஆள் ஏணியைக்கூட எடுத்துப் போகவில்லை. அதற்குள் பேத்திக்குத் துணையாக வந்திருந்த ஒரு பெரியவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, தரை துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் கேட்டார். "ஏனுங்க அம்மிணி, மூடித்தானுங்க போடோணும்? தெறந்து போட்டா ஆரு கையிலயாச்சும் குத்தீராதுங்களா?"

நியாயமான கேள்வி. அரிவாளைச் சாக்கில் சுற்றி வைக்கிறோம். பிளேடைக் காகிதத்தில் மடித்துப் போடுகிறோம். ஊசியை மட்டும் ஏன் திறந்தபடி போடச் சொல்கிறார்கள்?

பதில் எனக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் பார்க்க நின்று விளக்கம் சொல்கிற ஆள் நான் இல்லை. "அப்படித்தானுங்க சொல்றாங்க" என்று முனகிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். வாயில் வராதது எழுத்தில் கொஞ்சம் வரும். அதனால்தானே வாரா வாரம் உங்களிடம் வருகிறேன்...

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் துப்புரவுப் பணியாளர். தரை துடைப்பது, குப்பைப் பைகளைக் கட்டிக் கீழே கொண்டுபோவது, படுக்கை விரிப்பு மாற்றுவது. ஆஸ்பத்திரியின் ஆள் அல்ல; கான்ட்ராக்ட் ஆள். இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

இதில் வருகிறவர்கள் இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சமாச்சாரம் ஆனி மாதத்து மழையில் தொடங்கியது. காலில் முள் குத்திச் சீழ் பிடித்து, முழங்கால் வரை வீங்கி ஒருவர் வந்து சேர்ந்தார். ஆறுச்சாமி. கோவிந்தாபுரம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். காலையும் மாலையும் அவருக்கு ஊசி. போடுகிறவர் மெர்சி சிஸ்டர்.

மெர்சிக்குச் சொந்த ஊர் சின்னக்கானல். அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். வார்டில் எல்லாரிடமும் மலையாளம் பேசிவிட்டு, என்னிடம் வரும்போது மட்டும் மெர்சி தமிழுக்கு மாறும். அது எஸ்டேட் தமிழ், என்னுடையது கிழக்குப் பாலக்காட்டுத் தமிழ். என்னைப் போலவே 'ஏனுங்க, வாங்க, போங்க' என்று பேசிக் காட்டிச் சிரிப்பதுதான் அந்தப் பெண்ணின் பொழுதுபோக்கு. நான் பேசுவதே கொஞ்சம், அதிலும் கேலி.

அப்போது மெர்சிக்குக் குவைத்தில் வேலை சரியாகியிருந்தது. இன்டர்வியூ முடிந்துவிட்டது. மீதி இருந்தது மெடிக்கல் மட்டும். அதில் ரத்தம் எடுப்பார்கள். மஞ்சள்காமாலைக் கிருமிகளில் ஹெபடைட்டிஸ் பி என்று ஒன்று உண்டல்லவா, அது ரத்தத்தில் இருந்தால் 'அன்ஃபிட்'. அத்தோடு வேலை போச்சு.

அன்றைக்குக் காலையில் நான் ஆறுச்சாமியின் கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். மெர்சி ஊசி போட்டு முடித்தது. ஒரு கையில் சிரிஞ்ச், ஒரு கையில் மூடி. பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிட, தலையைத் திருப்பிக்கொண்டே மூடியைப் போட்டது.

'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

நிமிர்ந்து பார்த்தேன். இடது கை ஆள்காட்டி விரலில், கையுறைக்குள்ளே ஒரு சிவப்புப் பொட்டு. மெர்சி என்னைப் பார்த்தது. நான் மெர்சியைப் பார்த்தேன். தலையை லேசாக ஆட்டியது... சொல்லாதே என்று அர்த்தம். ஊசியை எறிந்துவிட்டு வேகமாகப் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து விரிப்புகள் வைக்கும் அறைக்குப் போனால், அங்கே நின்று விரலைப் பிதுக்கிப் பிதுக்கி ஸ்பிரிட் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தது.

"யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா" என்றது. "எழுதி வச்சிருவாங்க. ஏஜென்சிக்குத் தெரிஞ்சா என்னத்துக்கு ஆவேன்?"

இரண்டாவது ஷிஃப்டில் வரும் ஒரு சிஸ்டருக்கும் முன்பு குத்தியிருக்கிறதாம், அவரும் சொல்லவில்லையாம், ஒன்றும் ஆகவில்லையாம். ஆறுச்சாமிக்கு வெறும் முள்ளுக்காயம்தானே, அவருக்கு என்ன இருந்துவிடப் போகிறது என்றும் சொன்னது. எனக்குச் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

நான் சரி என்றேன். யாரிடமும் சொல்லாமல் இருப்பது எனக்கு மிகவும் எளிதான காரியம்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரிவதே இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் ஊரில் உள்ள எல்லாருடைய வியாதியையும் பற்றிப் பேசுவோம். காய்ச்சல் என்று யாராவது சொன்னால் மூன்று யோசனை சொல்வோம். எங்கள் கையில் ஊசி குத்தினால் மட்டும் ஊமையாகிவிடுகிறோம். ஏன்? பயமா? வெட்கமா? வேலை தெரியாதவர் என்று பெயர் வந்துவிடும் என்றா?

மதியம் ஆறுச்சாமியின் தலையணை உறையை மாற்றப் போனேன். சாப்பாடு அப்படியே மூடி இருந்தது. மனைவி வீட்டுக்குப் போயிருந்தார். ஆறுச்சாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, காத்தால அந்த சிஸ்டருக்கு ஊசி குத்தீருச்சுங்களா?"

தெரியாது என்றேன். பொய் சொன்னால் எனக்கு உடனே காது சூடாகும். அவர் நம்பவில்லை. கையுறையில் ரத்தம் பார்த்தேன் என்றார். எனக்குப் போட்ட ஊசிதானே என்றார். நான் தலையணையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். தட்ட வேண்டிய அளவுக்கு அதில் தூசி ஒன்றும் இல்லை.

அப்போதுதான் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு அந்தப் பி இருக்குதுங்க. ரொம்ப வருசமா இருக்குது. இங்க ஆருகிட்டயும் சொல்லுல."

கால் காயத்துக்குத்தானே வந்தோம், இதை ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாராம். அதுவும் முழுக் காரணம் இல்லை. முன்பு வேறோர் ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னபோது, அவர் தண்ணீர் குடித்த டம்ளரை ஒருத்தி இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டாளாம். அன்றைக்கு முடிவு செய்தாராம், இனிமேல் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று. வீட்டிலும் சொல்லவில்லை. மனைவிக்கே தெரியாது.

"அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா..." என்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஊசி குத்தியதை ஒருவர் மறைக்கிறார். கிருமி இருப்பதை இன்னொருவர் மறைக்கிறார். இரண்டும் உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் — அந்த ஆஸ்பத்திரியிலேயே குறைவாகப் பேசுகிற நான்.

மெர்சியைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். போட்டாச்சு என்றது. மூன்றுமா என்றேன். நர்சிங் படித்தபோது இரண்டு போட்டிருக்கிறது. மூன்றாவது போட வேண்டிய சமயத்தில் லீவுக்குச் சின்னக்கானல் போனது, மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டது, திரும்பி வந்தபோது தடுப்பூசி முகாம் முடிந்துபோயிருந்தது. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டதுதான்.

இப்போதாவது போய்ச் சொல்லுங்கள் என்றேன். குவைத், மெடிக்கல், அம்மா... எல்லாம் மெர்சியின் முகத்தில் ஓடுவது தெரிந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்றது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"நீங்க சொல்லுலீன்னா நான் போய்ச் சொல்லிப்போடுவனுங்க சிஸ்டர்."

மெர்சி என்னை ஏற இறங்கப் பார்த்தது. "நீங்களா? கேன்டீன்ல இன்னொரு டீ கேக்கதுக்கே கூச்சப்பட்டு எந்திரிச்சு வந்துருவீங்க. நீங்க போயி சொல்லப் போறீங்களாக்கா?"

சொல்லிவிட்டுச் சிரித்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தது. "சரி, வாங்க. தனியாப் போவ மாட்டேன்."

எங்கள் ஆஸ்பத்திரியில் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ள என்றே ஒரு சிஸ்டர் உண்டு. ஷைனி சிஸ்டர். சீனியர், கண்டிப்பானவர். எனக்கு அவரைக் கண்டாலே துடைத்த இடத்தை மறுபடி துடைக்கத் தோன்றும். மெர்சி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கே பேசவில்லை. திட்டப்போகிறார் என்று நான் கதவோரம் ஒட்டி நின்றேன்.

முதலில் கேட்டது விரலை என்ன செய்தாய் என்றுதான். பிதுக்கினேன், ஸ்பிரிட் வைத்தேன் என்றது மெர்சி. பிதுக்கவே கூடாதாம். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதுமாம். கழுவ வைத்தார்.

அடுத்த கேள்வி — ஊசியை எதற்காக மூடினாய்?

மெர்சி என் பக்கம் திரும்பியது. "இந்த அக்காமாரு கையில குத்திரக்கூடாதுல்லா சிஸ்டர்... அதுக்குத்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயம் இதுதான். ஊசிகளைப் போட கெட்டியான வெள்ளை டப்பா ஒன்று எல்லா வார்டிலும் உண்டு. எங்கள் வார்டில் அது நிறைந்து வழிந்தாலும் சீக்கிரம் மாற்ற மாட்டார்கள். மேலே நிற்கிற ஊசிகள் சில சமயம் குப்பைப் பைக்குள் விழும். முன்பு ஒருநாள் பையைக் கட்டும்போது என்னோடு வேலை செய்யும் சரசாவுக்குக் கையில் குத்திவிட்டது. அவள் அழுத அழுகை வார்டு முழுக்கக் கேட்டது. அன்றையிலிருந்து எங்கள் வார்டு சிஸ்டர்கள் எல்லாரும் எங்களுக்காக ஊசியை மூடிப் போட ஆரம்பித்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. இரக்கம், அவ்வளவுதான். மூடிய ஊசியைப் பார்க்கும்போதெல்லாம் நாங்களும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டோம்.

ஆனால் ஷைனி சிஸ்டர் சொல்லித்தான் தெரிந்தது. நர்ஸ்களுக்கு ஊசி குத்துவது, நோயாளிக்குப் போடும்போதைவிட அதை மறுபடி மூடும்போதுதான் நிறைய நடக்கிறதாம். சின்ன மூடி, கூரான ஊசி, இரண்டையும் நேருக்கு நேர் கொண்டுபோகிறோம். கவனம் ஒரு நொடி தப்பினால் போதும். அதனால் போட்ட கையோடு, மூடாமல், நேராக டப்பாவுக்குள் போட்டுவிட வேண்டும். டப்பா நிறையும் முன்பே மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் சிஸ்டருக்கும் குத்தாது, எங்களுக்கும் குத்தாது.

எங்கள் விரலைக் காப்பாற்ற அந்தப் பெண் தன் விரலைக் கொடுத்திருக்கிறது. தேவையே இல்லாமல். டப்பாவை மாற்றினால் தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு இத்தனை பேருடைய இரக்கம் செலவாகியிருக்கிறது. வேடிக்கையாக இல்லை?

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஷைனி சிஸ்டர் தானே ஆறுச்சாமியிடம் போய், திரையை இழுத்துவிட்டு, தணிந்த குரலில் பேசி, சம்மதம் கேட்டு ரத்தம் எடுத்தார். ஆறுச்சாமி சொன்னது சரிதான், கிருமி இருந்தது. மெர்சிக்கு இரண்டு ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். ஒன்று தடுப்பூசி. இன்னொன்று, உள்ளே போயிருக்கும் கிருமியை உடனே எதிர்க்கிற மருந்து. அது கோயம்புத்தூரிலிருந்து சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. சீக்கிரம் போடப் போடத்தான் பலனாம். ஒரு வாரம் மறைத்து வைத்திருந்தால் பலன் இருந்திருக்குமா என்று கேட்டேன். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

ஊசி போட உட்காரும்போது மெர்சி என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தினமும் வார்டு முழுக்க ஊசி போடுகிற பெண்! "எனக்குச் சின்னப் புள்ளையிலிருந்தே ஊசின்னா பயம்க்கா" என்றது. நகம் பதிந்த தடம் மறுநாள் வரை என் கையில் இருந்தது.

முடித்துவிட்டு ஷைனி சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"சேச்சி வாக்ஸின் எடுத்தோ?"

இல்லை என்று தலையாட்டினேன். சரசா? இல்லை. மற்றவர்கள்? யாருமே இல்லை. தடுப்பூசி ஆஸ்பத்திரி ஆட்களுக்கு. நாங்கள்தான் கான்ட்ராக்ட் ஆட்களாயிற்றே. ஊசியை எடுத்துப் போடுகிற சிஸ்டரை ஆஸ்பத்திரி கேட்டது. அந்த ஊசி விழுந்த குப்பையைக் கட்டுகிற எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. கிருமிக்கு மட்டும் இந்த கான்ட்ராக்ட் கணக்கு தெரியாது போலிருக்கிறது... சரசாவுக்கு ரத்தம் பார்த்தார்கள். நல்லவேளை, ஒன்றுமில்லை. அந்த மாதமே எங்கள் எல்லாருக்கும் முதல் ஊசி போட்டார்கள். டப்பாவும் இப்போது முக்கால் நிறைந்ததுமே மாறுகிறது. அட்டை அடித்து மாட்டத்தான் இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

ஆறுச்சாமியிடம் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இது ரத்தத்தாலும், கணவன் மனைவி உறவாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். அதனால் மனைவிக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும், அவருக்கும் சோதனை செய்ய வேண்டும். கூட உட்கார்ந்து சாப்பிடுவதால், தொடுவதால், டம்ளரால் பரவாது.

அவர் மனைவியிடம் சொன்னபோது நான் அடுத்த கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். கேட்கக் கூடாதுதான். காதை எங்கே கழற்றி வைப்பது?

அந்த அம்மாள் சொன்னார். "இத்தன வருசம் ஒரே வட்டல்ல தின்னுபோட்டு, இப்பச் சொல்றீங்களா?" குரலில் கோபம் இருந்தது. ஆனால் மூடியிருந்த சாப்பாட்டுத் தட்டைத் திறந்து, சோற்றைப் பிசைந்து அவர் கையில் கொடுத்தார். அந்த அம்மாளுக்குச் சோதனையில் கிருமி இல்லை. தடுப்பூசி தொடங்கினார்கள்.

ஆறுச்சாமி கால் ஆறி வீட்டுக்குப் போனார். மெர்சி மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது. மருந்து போட்டாகிவிட்டது, வாய்ப்பு குறைவு என்றுதான் டாக்டர் சொன்னார். என்றாலும் ஆறு மாதம் கழித்துப் பார்க்கும் ரத்தம்தான் முடிவு சொல்லும். குவைத் மெடிக்கலும் அதை ஒட்டியே வரும் போலிருந்தது.

அந்த ஆறு மாதமும் மெர்சி என்னைக் கேலி செய்யவில்லை. 'ஏனுங்க' என்று ஒரு தடவைகூடப் பேசிக் காட்டவில்லை. அது எனக்கு இவ்வளவு உறுத்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆறுச்சாமி மட்டும் அவ்வப்போது வார்டுக்கு போன் செய்து என்னைக் கூப்பிடச் சொல்வார். "அந்த சிஸ்டரு நல்லா இருக்குதுங்களா?" என்பார். இன்னும் தெரியாதுங்க என்பேன். வைத்துவிடுவார். சோதனைக்கு வரச் சொன்ன நாட்களில்கூட அவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வேறு இடத்துக்குப் போனார். மெர்சி முகத்தில் முழிக்க முடியாது என்றாராம் மனைவியிடம்.

இந்த மார்கழியில் இங்கே ரத்தம் பார்த்தார்கள். கிருமி இல்லை. அதற்கு அடுத்த வாரம் எர்ணாகுளத்தில் மெடிக்கல் நடந்தது. வெளியே வந்ததும் மெர்சி எனக்குத்தான் போன் செய்தது.

"ஏனுங்க அக்கா, ஃபிட்டுங்கோவ்" என்றது.

என்னென்னவோ சொல்ல நினைத்தேன். "சாப்ட்டீங்களா சிஸ்டர்?" என்றுதான் வந்தது.

ஆறுச்சாமிக்கு அன்றைக்கு முதல் முறையாக நானே போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "சரிங்க அம்மிணி" என்று மட்டும் சொன்னார்.

போன சனிக்கிழமை, ஒரு குலை இளநீரோடும் அரிவாளோடும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். காவலாளி அரிவாளைப் பார்த்து உள்ளே விடவில்லை. மெர்சியும் நானும்தான் வெளியே போனோம். முதல் காயைச் சீவி, கண் திறந்து, கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். தன் கையால் கொடுப்பதா, வேண்டாமா, சிஸ்டர் என்ன நினைக்கும் என்று அவர் கண் அலைந்தது. ஸ்ட்ரா ஒன்று வாங்கி வந்திருக்கலாம் என்று முணுமுணுத்தார்.

மெர்சி அந்தக் காயை அவர் கையிலிருந்தே வாங்கி, அண்ணாந்து, யூனிஃபார்மில் வழிய வழிய ஒரே மூச்சில் குடித்து முடித்தது.

"இன்னொண்ணு வெட்டுங்கய்யா" என்றது.

அப்புறம் அந்த மனிதரை நிறுத்தவே முடியவில்லை. காவலாளிக்குக்கூட இரண்டு கிடைத்தது.